பிடியரிசிக் கலயத்தில் வந்த கடல்

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் ஞானப்பூ முதலில் நினைத்தாள். பிடியரிசிக் கலயத்துக்குள் கடல் வந்து நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமைக் காலை. தென்காசியில் அவள் வீட்டு அடுக்களையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எந்த வேளைக்கு உலை வைத்தாலும் களைவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைப்பதும், சனிக்கிழமை அதைச் சபைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவதும் அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களின் வழக்கம். தூரத்து ஊர்களில் ஊழியம் செய்கிறவர்கள் சாப்பிடுவது அந்த அரிசியில்தான். அன்றைக்கும் அவள் மூடிய கையைக் கலயத்துக்குள் விட்டாள். மணிக்கட்டு வரை நனைந்தது. நான்கு நாள் போட்ட அரிசியைக் காணோம். விரலை நக்கிப் பார்த்தாள், உப்பு. நகம் அளவு நண்டு ஒன்று கலயத்தின் உள்பக்கமாக ஏறி வந்து, அவளைப் பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கிப் போயிற்று. கடல் தென்காசியிலிருந்து அறுபது கல்லுக்கு அப்பால் இருக்கிறது.

அவள் புருஷன் வேதக்கண் தென்காசிச் சபையில் உபதேசியார். ஒரு மாதமாகவே அவன் நடத்தையில் மாற்றம் தெரிந்தது. சாப்பிடும்போது சுவரைப் பார்த்தான். பள்ளிக்கூடத்திலிருந்து உலகப்படத்தை இரவல் வாங்கி வந்து மடித்தபடியே வைத்திருந்தான். 'நம்ம வீடு' என்று சொல்லி வந்தவன் 'இந்த வீடு' என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். அந்த ஒரு சொல்லை ஞானப்பூ பல நாள் மனதுக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறாள். கடல்தாண்டிப் போய் ஊழியம் செய்ய ஆள் வேண்டும் என்று பாளையங்கோட்டையிலிருந்த ஒரு சங்கம் கேட்டிருந்தது அவளுக்குத் தெரியும். அதற்கு அவன் நேற்றே எழுதித் தபாலில் போட்டுவிட்டான் என்பதைக் கலயம்தான் அவளுக்குச் சொன்னது. மத்தியானம் வந்தவனிடம் கலயத்தைக் காட்டினாள். அவன் முழங்காலில் விழுந்து ஜெபித்துவிட்டு, எழுந்து, "எழுதிட்டேன் ஞானப்பூ" என்றான். "தெரியும், சாப்பிடுங்க" என்றாள். அவள் கோபம் அன்றைய சோற்றில் கூட உப்பாக இறங்கவில்லை. உப்பெல்லாம் கலயத்தில் இருந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி வந்து அந்தத் தண்ணீரை ருசி பார்த்தாள். அவள் புருஷன் ரஹ்மத் பினாங்கில் கைலி வியாபாரம் செய்தவர். ஒரே ஒரு தடவை அவளையும் கூட்டிப் போயிருக்கிறார்.

"ஏட்டி, இது குலசேகரப்பட்டணத்துக் கடல் இல்ல. காயல் கடலும் இல்ல" என்றாள் ஜாஹிரா பீவி. "பினாங்குக்குப் போற வழியில பத்தாம் நாளு பதினோராம் நாளு வரும் பாரு, அந்தத் தண்ணி. உப்புக்கு உள்ள ஒரு இனிப்பு கெடக்கும்."

"எப்படிக்கா அவ்வளவு நிச்சயமாச் சொல்லுதிய?"

"வாந்தி எடுத்து எடுத்து, வழியில இருந்த கடலையெல்லாம் மொண்டு மொண்டு வாய் கொப்புளிச்சவ நானு. எனக்குத் தெரியாதா?"

கலயத்துக் கடல் காலையில் ஏறி மத்தியானம் வடிந்தது. வடியும்போது அடியில் வெள்ளை மணல் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை சிப்பி கிடக்கும். ஞானப்பூ அதன் மேல் ஒரு தட்டை மூடி, அரிசிக்கு வேறு கலயம் வாங்கினாள். வீட்டில் பூனை குட்டி போட்டால் என்ன இடம் ஒதுக்குவார்களோ அவ்வளவு இடம்தான் கடலுக்கும் ஒதுக்கப்பட்டது.

சங்கத்திலிருந்து பதில் வந்தது. கப்பல் பிரயாணத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே போய் இருக்கும் குடும்பத்துக்குச் சோறு இங்கிருந்துதான் போக வேண்டும். முன்பு அனுப்பிய இரண்டு குடும்பங்கள், ஆதரவு பாதியில் நின்று, மெலிந்து திரும்பி வந்திருந்தன. அதனால் இருநூறு அடுப்படிகளில் இந்தக் குடும்பத்துக்கென்று தினமும் ஒரு பிடி எடுத்து வைப்பதாக வாக்கு வாங்கி வந்தால்தான் வேதக்கண்ணையும் மனைவியையும் மகளையும் அனுப்ப முடியும் என்று எழுதியிருந்தார்கள். போக வேண்டிய இடம் நக்கவாரத் தீவுகளுக்கும் பினாங்குக்கும் நடுவில் ஒரு சின்னத் தீவு. படத்தில் அதற்குப் பெயர் கிடையாது. தாழம்பழ மாவும் தேங்காயும் சாப்பிடுகிற ஜனங்கள். நெல் என்பதைக் கண்ணால் கண்டதில்லை.

குடும்பம் வில்வண்டியில் புறப்பட்டது. ஆலங்குளம், சுரண்டை, கடையம் என்று சுற்றினார்கள். ஏழு வயது மகள் கிருபை முன்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடுவாள். வேதக்கண் வேட்டித் துணியில் வரைந்த படத்தை வேப்பமரத்தில் கட்டிப் பேசுவான். நன்றாகத்தான் பேசினான். கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று விசாரித்தார்கள். ஆறேழு மாதத்தில் முப்பத்தோரு அடுப்படி சேர்ந்திருந்தது. வேதக்கண்ணுக்கு உறக்கம் குறைந்தது. அவன் தன்னைத்தான் குறை சொல்லிக்கொண்டான், ஜனங்களை ஒரு நாளும் சொல்லவில்லை. அந்தக் குணத்துக்காகவே ஞானப்பூவால் அவனை முழுதாக வெறுக்க முடியவில்லை. போகக் கூடாது என்று அவள் நினைத்தாளா என்றால், அதுவும் இல்லை. மத்தியானங்களில் தட்டைத் திறந்து அந்த வெள்ளை மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த மணலில் நடக்க அவள் கால்கள் முன்பே தயாராகிவிட்டன. கேட்காமல் அழைத்ததுதான் முள்ளாக நின்றது.

இருபத்தெட்டாம் வருஷம் பங்குனியில் வேதக்கண் ஒரு தவறு செய்தான். கலயத்தைச் சுரண்டைச் சந்தைக்குக் கொண்டுபோனான். சாட்சியாக இருக்கட்டும் என்று நினைத்தான். சந்தை நின்றுவிட்டது. வெற்றிலை வியாபாரியும் மாட்டுத் தரகனும் வரிசையில் நின்று குனிந்து பார்த்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்தார்கள். ஒவ்வொரு தலையும் குனியும்போது ஞானப்பூவுக்குத் தன் வயிற்றுக்குள் யாரோ எட்டிப் பார்ப்பது போல இருந்தது. முந்தானையால் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். ஒரே நாளில் நூற்றிருபது பேர் பிடியரிசிக்கு வாக்குக் கொடுத்தார்கள். வேதக்கண் திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தான்.

அடுத்த சனிக்கிழமை அரிசி வாங்கப் போனபோது நான்கு வீட்டில் கொடுத்தார்கள். மற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. உண்மையான ஆச்சரியத்தோடுதான் கேட்டார்கள். செல்லச்சாமி என்ற பலசரக்குக் கடைக்காரர், "கடலே வந்து நிக்கிற கலயத்துக்கு எங்க வீட்டுப் பிடியரிசி எதுக்கு உபதேசியாரே? உங்க ஆண்டவரு கப்பலையும் அதுலயே விட்டுருவாரு" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேதக்கண்ணும் சிரிக்க முயன்றான். முதலில் சேர்ந்த முப்பத்தோரு அடுப்படியிலும் பதினொன்று அந்த மாதம் நின்றுபோயிற்று. அதிசயத்தைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் கை தேவையில்லை என்று பட்டுவிட்டது. அன்று வண்டியில் திரும்பும்போது ஞானப்பூ கலயத்தை மடியில் வைத்துத் துணியால் மூடிக் கட்டினாள். "இனிமே இதை யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றாள். அவன் சரி என்றான். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் சொல்லி அவன் கேட்ட முதல் காரியம் அது.

அதற்குப் பிறகு அவளே போனாள். வேப்பமரத்தடிக்கு இல்லை, பின்வாசலுக்கு. பெண்கள் அரிசி அளந்து எடுக்கும் நேரம் எந்த ஊரில் எப்போது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆலங்குளத்தில் விடிந்ததும், சுரண்டையில் தண்ணீர் எடுத்து வந்த பிறகு, கடையத்தில் வயலிலிருந்து திரும்பிய பிறகு. அடுப்படி நிலையில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்து கொடுப்பாள், அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வாள். தீவைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். அங்கே எனக்கு யாரையும் தெரியாது, உங்கள் கையிலிருந்து ஒரு பிடி வந்தால் தெரிந்த ஒருத்தி அங்கே இருப்பது போல இருக்கும் என்று சொல்வாள். அவள் மனதில் இருந்ததும் அதுதான். வேறு எதையும் ஜோடித்துச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

கடையத்தில் குருவம்மாள் என்று ஒருத்தி. முப்பிடாதி அம்மனுக்கு வருஷந்தோறும் பொங்கலிடுகிறவள். கருக்கரிவாள் பட்டு அவள் வலக்கையில் சுண்டுவிரல் போயிருந்தது. ஞானப்பூ அவளிடம் கேட்கவே இல்லை. அடுத்த வீட்டில் இவள் கேட்டது சுவருக்கு மேலாகக் காதில் விழ, குருவம்மாளே கூப்பிட்டாள்.

"ஏட்டி உபதேசியார் பொண்டாட்டி, எங்கிட்ட கேக்கமாட்டியோ? எங்க வீட்டு அரிசி அங்கன வேகாதோ?"

"நீங்க அம்மன் கும்பிடுதவிய. அதான் மதினி கேக்கல."

"அம்மன் என்ன, நான் ஒரு பிடி அரிசி எடுத்தா கோவிச்சுக்கவா போறா? இது ஒன் சாமிக்கு இல்ல. ஒன் மகளுக்கு. ஆனா எம் பிடி சின்னப் பிடி, பாத்துக்க. விரலு இல்லாத சந்துல ஒழுகிரும்."

"ஒழுகுனது போக இருக்கிறது போதும்."

"போதும்னுதான் எல்லாரும் சொல்லுவிய. பெறகு பெரிய கைக்காரி வீட்டுல போயி காப்பி குடிப்பிய" என்றாள் குருவம்மாள்.

ஞானப்பூ அவள் வீட்டில் காப்பி குடித்தாள். இருநூறாவது அடுப்படி முப்பதாம் வருஷம் தை மாதம் சேர்ந்தது. அதில் நாற்பதுக்கு மேல் சபையைச் சேராத வீடுகள்.

அவர்கள் தென்காசி ஸ்டேஷனில் ரயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். கலயம் பிரயாணத்துக்கு ஒத்துழைக்கவில்லை. சுரண்டைக்கு மடியில் போய்வந்த அது, இந்தத் தடவை வீட்டு வாசலைத் தாண்டிய உடனே நான்கு பேர் தூக்க முடியாத கனமாகிவிட்டது. ஜாஹிரா பீவி அதைத் தன் அடுக்களையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி ஒற்றைக் கையால் எடுத்துப் போனாள்.

தீவில் இறங்கிய அன்று கிழவர் ஒருவர் அவர்களைக் கரையோரம் இருந்த கரும்பாறைக்குக் கூட்டிப்போய் அதிலிருந்த ஒரு குழியைக் காட்டினார். குழியில் ஓலைப்பாய் விரித்து, அதன் மேல் அரிசி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் தானாக வந்தது என்றும், ஏதோ பூச்சியின் முட்டை என்று நினைத்து, பொரிக்கும் வரை மழை படாமல் காவல் காப்பதாகவும் சைகையால் சொன்னார். அந்த அரிசி பிடி பிடியாக, உதிராமல், விரல்பட்ட தடத்தோடு கிடந்தது. ஞானப்பூ குனிந்து ஒரு தடத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. இருபத்தேழாம் வருஷம் ஆனி மாதத்தில் காணாமல் போன நான்கு நாள் அரிசி. என்னைக் கேட்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே என் கை எனக்கு முன்னால் இங்கே வந்துவிட்டதா என்று அவள் யோசித்தாள். அந்த யோசனை முள்ளை எடுத்துவிடவில்லை. அதன் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கியது.

அவள் இதைச் சொல்லி, கலயத்தில் அரிசி போட்டுப் பார்க்கும்படி ஜாஹிரா பீவிக்குக் கடிதம் எழுதினாள். கடிதம் போய்ச் சேர நான்கு மாதம் ஆயிற்று. அதிலிருந்து சனிக்கிழமைதோறும் பெண்கள் தங்கள் வீட்டு அரிசியை ஜாஹிரா பீவியின் அடுக்களைக்குக் கொண்டுவந்து, கடலுக்குள் பிடி பிடியாக விட்டார்கள். வெளியூர் அரிசி ஆலங்குளம் வண்டியிலும் கடையத்து ரயிலிலும் துணி முடிப்புகளில் வந்தது. முடிப்பை அவிழ்த்தாலும் பிடி கலைவதில்லை. கலயம் நிறைந்ததாக யாரும் பார்க்கவில்லை. ஞாயிறு காலையில் பாறைக்குழியில் அரிசி இருக்கும். சங்கம் கப்பல் கூலி மிச்சம் என்று மட்டும் வருஷ அறிக்கையில் ஒரு வரி எழுதியது. யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. வாரந்தோறும் நடப்பதைப் பார்க்க யார் வருவார்கள்?

வேதக்கண் அந்தத் தீவில் பதினான்கு வருஷம் உழைத்தான். முதல் ஐந்து வருஷம் ஒருவரும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. அவன் கிணறு வெட்டினான், புண்ணுக்கு மருந்து கட்டினான், அவர்கள் பாஷையைக் குழந்தைகளிடம் கற்றுக்கொண்டு அதே குழந்தைகளுக்கு எழுத்தாகத் திருப்பிக் கொடுத்தான். முழங்கால் வரை அவன் கால் எப்போதும் சேறாக இருக்கும். ஞானப்பூ பிரசவம் பார்த்தாள். அரிசியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சியாகக் காய்ச்சினாள். காய்ச்சுவதற்கு முன்னால் பாறையருகே உட்கார்ந்து ஒவ்வொரு பிடியாகப் பார்ப்பது அவளுக்கு ஜெபம் போல. சிவப்பரிசி ஆலங்குளம், கல் கிடந்தால் சுரண்டை. அகலமான பிடி ஜாஹிரா பீவியுடையது. மூன்று விரலும் ஒரு சந்துமாக இருப்பது குருவம்மாள். இவளைப் புருஷன் அடித்திருக்கிறான், கை நடுங்கியிருக்கிறது. இவள் கர்ப்பமாக இருக்கிறாள், பிடி இறுகியிருக்கிறது. கடிதத்தில் எழுதாததெல்லாம் அரிசியில் இருந்தது.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் தீவுக்கு வந்தான். கப்பல் நின்றது, கடிதம் நின்றது. தீவில் தேங்காயைக்கூடக் கணக்குக் கேட்டுப் பறித்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய சிப்பாய்கள் அந்தப் பாறை மேல் ஏறி நின்று பலமுறை கடலைப் பார்த்திருக்கிறார்கள். காலடியில் இருந்த அரிசி அவர்கள் கண்ணில் படவில்லை. அதே சமயம் தென்காசியில் பர்மா அரிசி வரத்து நின்று, ரேஷன் வந்து, பணக்கார வீட்டிலேயே மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு அவிந்தது. பாறைக்குழியில் பிடிகள் சிறுத்தன. சில பிடியில் அரிசி பாதி, சோளம் பாதி இருந்தது. சில பிடியில் பத்துப் பதினைந்து மணிதான் இருந்தது, ஆனாலும் ஐந்து விரலும் அழுத்திப் பிடித்திருந்த தடம் இருந்தது. எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. இருநூறு பேர் தங்கள் வயிற்றிலிருந்து எடுத்து அனுப்பிய அந்த நான்கு வருஷத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பத்தாறு பேரில் ஒருவரும் பட்டினியால் சாகவில்லை.

நாற்பத்துநான்காம் வருஷம் இரண்டு காரியங்கள் நடந்தன. மாசியில் மூன்று விரல் பிடி வருவது நின்றது. ஞானப்பூ அன்றைக்குக் கஞ்சி காய்ச்சவில்லை, கிருபைதான் காய்ச்சினாள். இரண்டு வாரம் கழித்து அதே கடையத்து அரிசியில் இளம் கை ஒன்றின் பிடி வந்தது. விரலெல்லாம் முழுதாக உள்ள கைதான், சுண்டுவிரல் நுனி லேசாகப் பட்டிருந்தது. ஆனாலும் சுண்டுவிரலை வேண்டுமென்றே தூக்கிப் பிடித்திருந்தது. மருமகளாக இருக்க வேண்டும். மாமியார் எப்படிப் பிடித்தாளோ அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். ஆவணியில் வேதக்கண் காய்ச்சலில் படுத்தான். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஞானப்பூவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னையக் கேட்டுட்டு எழுதியிருக்கணும்" என்றான். அவளுக்கு அந்த நேரத்தில் பதினேழு வருஷத்துக் கோபத்தைத் தேடியும் கிடைக்கவில்லை. "கேட்டிருந்தா வந்திருப்பேன்" என்றாள். அவன் அதைக் கேட்டுச் சிரித்தான். மறுநாள் கிணற்றடியில் அடக்கம் செய்தார்கள். தீவு முழுக்க வந்து நின்றது.

சண்டை முடிந்து நாற்பத்தாறாம் வருஷம் வந்த முதல் கப்பலில் கிருபை தன் அம்மாவைப் பிடிவாதமாக ஏற்றி அனுப்பினாள். ஞானப்பூவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. கிருபை பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஞானப்பூ தென்காசியில் இறங்கியபோது மேலே இரண்டாகப் பிளந்த சிவன் கோயில் கோபுரம் அப்படியே நின்றது. ஜாஹிரா பீவிக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது. "வாட்டி" என்று மட்டும் சொல்லி, கலயத்தின் தட்டைத் திறந்து காட்டினாள். மத்தியானம், கடல் வடிந்திருந்தது. வெள்ளை மணலில் ஒரு காலடித் தடம் இருந்தது. கிருபையின் கால். காலையில் அரிசி எடுக்க வந்திருப்பாள்.

ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் பிடித்தது. சங்கத்தார் ஐந்தருவிப் பக்கம் ஒரு பங்களாவில் தங்கியிருந்து ஞானப்பூவை வரச் சொன்னார்கள், கலயத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் வெறுங்கையோடு போனாள். காரியதரிசி நல்ல மனிதர். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தானே எழுந்து போய் சன்னலைச் சாத்தி, வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு விஷயத்தைச் சொன்னார். ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பாளையங்கோட்டையில் கலயத்தைப் பந்தலில் வைக்கலாம், பிறகு கண்ணாடிப் பெட்டி செய்து நிரந்தரமாக வைக்கலாம். ஜனங்கள் வெளிமாகாணங்களிலிருந்துகூட வருவார்கள். அதைக் கொண்டு இன்னும் பத்துத் தீவுக்குப் பத்துக் குடும்பம் அனுப்பலாம். வேதக்கண் ஐயாவின் பெயரையும் அதில் பொறிக்கலாம்.

ஞானப்பூ வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். பத்துக் குடும்பம் என்றதும் அவள் மனம் ஆசைப்பட்டது. வேதக்கண்ணின் பெயரைச் சொன்னதும் கண் கலங்கியது. சுரண்டைச் சந்தையில் வரிசையாகக் குனிந்த தலைகளும், கடலே வந்து நிக்கிற கலயத்துக்கு எங்க அரிசி எதுக்கு என்ற குரலும், அதற்குப் பின்னாலேயே வந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் கை போகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருபை பாறைக்கு வந்து குனிந்து வெறும் குழியைப் பார்ப்பாள்.

"நாங்களா எதுவும் செய்யமாட்டோம்" என்றார் காரியதரிசி. "நீங்க சரின்னு சொன்னாத்தான். என்ன சொல்லுதிய அம்மா?"

பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக அவளை ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. அதை உடனே முடித்துவிட மனமில்லாமல் கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே அருவிச் சத்தம் கேட்டது. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டாள்.

"வேண்டாம் ஐயா" என்றாள். "இன்னிக்குச் சனிக்கிழமை. கலயத்துக்கு வேலை இருக்கு."